எழுதி வைத்த மடிப்பு

கோடைக்காலத்தில் தென்காசி வட்டாரத்தில் பதனி குடிப்பவர் கையில் டம்ளருக்குப் பதில் பட்டை இருக்கும். பச்சைப் பனையோலையில் ஒரு விரிந்த துண்டை எடுத்து, அதில் ஏற்கெனவே இருக்கிற மடிப்புகளைக் கொஞ்சம் அகட்டி, முனையைக் கூட்டி, ஓலைக் கீற்றாலேயே ஒரு முடிச்சுப் போட்டால் நடு குழிந்த ஏனம் ஒன்று தயாராகிவிடும். பசை, ஆணி, ஊசிநூல் எதுவும் அதற்குத் தேவையில்லை. பதனி ஒழுகாது. குடித்து முடித்துத் தூக்கிப் போட்டால் மண்ணோடு மண்ணாகிவிடும்.

இப்படி மடித்தே உருவாக்கும் பொருள்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் பல உண்டு. கார்த்திகைக்கு மாவை ஓலைக்குள் வைத்து மூடி அவிக்கும் கொழுக்கட்டை, பிள்ளைகள் கையில் சுற்றும் ஓலைக் காத்தாடி, உள்ளே கல் போட்டு ஆட்டும் கிலுக்கு, பண்டம் போட்டுக் கொடுக்கும் கொட்டான் என்று பட்டியல் நீளும். காகிதம் வந்த பிறகு அதுவும் சேர்ந்துகொண்டது. மளிகைக் கடைக்காரர் கடுகையும் மிளகையும் நூல்கூடச் சுற்றாமல் சிந்தாத பொட்டலமாக மடித்துத் தந்தார். காசி விஸ்வநாதர் கோயிலில் வாங்கிய விபூதியைச் சின்னத் தாளில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோகாதவர் தென்காசியில் இருக்க முடியாது. ஐப்பசி மழையில் கப்பல் விடாத பிள்ளையும் இருக்க முடியாது.

ஆக, மடிப்புக் கலை நம்மிடம் இல்லாமல் இல்லை. இருந்தும் காகித மடிப்பு என்றதும் உலகம் ஜப்பானையே நினைக்கிறது. ஓரிகாமி என்ற அந்தக் கலை இன்று லட்சக்கணக்கானவர்களின் பொழுதுபோக்கு. அதற்குச் சங்கங்கள், மாநாடுகள், கணிதத் தேற்றங்கள், மென்பொருள்கள் உண்டு. விண்வெளிக் கலத்தில்கூட அதற்கு வேலை இருக்கிறது. ஓலைக் கிலுக்கோ செய்யத் தெரிந்தவர்களோடு குறைந்துகொண்டே வருகிறது. ஜப்பானியர் கை நம் கையைவிடத் திறமையானது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. அவர்கள் மடிப்பை எழுதி வைத்தார்கள். அப்படி எழுதி வைத்ததால் என்ன நடந்தது என்பதே இந்த அத்தியாயம். அந்தக் கதையின் முக்கியமான ஒரு பக்கம் 1893-இல் சென்னையில் அச்சானது.

மடிப்பு என்றால் என்ன?

முதலில் பொருளைப் பார்ப்போம். நாம் பயன்படுத்தும் சாதாரண வெள்ளைத் தாளின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். அது செல்லுலோஸ் நார்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் பரப்பு. தாளை லேசாக வளைத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நகத்தால் அழுத்தி மடித்தால் திரும்பாது. மடிப்பின் வெளிப்புறத்து நார்கள் இழுபட்டு, உட்புறத்து நார்கள் நசுங்கி, மீள முடியாத எல்லையைத் தாண்டிவிடுகின்றன. அந்தக் கோட்டில் தாள் நிரந்தரமாக மெலிவடைகிறது. அடுத்த முறை மடிக்கும்போது அதே கோட்டில்தான் வளையும். மடிப்பு என்பது தாள் தன் உடம்பில் வைத்திருக்கும் நினைவு.

இந்த நினைவை ஈரம் அழிக்கும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஆடி மாதத்தில் செய்தித்தாளைத் தொட்டுப் பாருங்கள், துவண்டு கிடக்கும். நார்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கு நடுவே நீர் புகுந்து அவற்றைத் தளர்த்திவிடுகிறது. காய்ந்தால் பிணைப்புகள் மறுபடி இறுகும், அப்போது எந்த வடிவில் இருந்ததோ அந்த வடிவிலேயே. ஓலைப்பெட்டி முடைபவர்கள் காய்ந்த ஓலையை நனைத்துப் பதப்படுத்திக்கொண்டே வேலையில் இறங்குவது இதனால்தான்.

ஓலைக்கும் காகிதத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஓலையில் நார்கள் எல்லாம் ஒரே திசையில், நீளவாக்கில் ஓடுகின்றன. அந்தத் திசையில் எத்தனை முறை வேண்டுமானாலும் மடிக்கலாம். குறுக்கே மடித்தால், அதுவும் காய்ந்த ஓலை என்றால், முறிந்துவிடும். நம் ஏட்டுச்சுவடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் துளையிட்டுக் கயிறு கோத்தார்களே தவிர மடித்து வைக்காததன் காரணம் இதுதான். காகிதத்தில் நார்கள் பல திசைகளிலும் கிடப்பதால் எந்தக் கோணத்திலும் மடிக்கலாம். ஓலையில் கைவினைஞர் பொருளின் போக்குக்குக் கட்டுப்பட்டவர். காகிதத்தில் அந்தக் கட்டுப்பாடு பெருமளவு விலகுகிறது.

ஓலை நமக்கு இன்னொன்றையும் சொல்லித் தருகிறது. மடிப்பு இரண்டு வகை. மடித்த கோடு அடியில் இருந்து இருபுறமும் மேலே எழுந்தால் பள்ள மடிப்பு. கோடு உச்சியில் இருந்து இருபுறமும் சரிந்தால் மலை மடிப்பு. உலகத்து ஓரிகாமி முழுவதும் இந்த இரண்டிலேயே அடங்கிவிடும். செங்கோட்டைப் பக்கம் போகும்போது ஒரு பனையின் இதழையும் ஒரு தென்னையின் கீற்றையும் எடுத்து, அவை மரத்தில் இருந்த நிலையிலேயே வைத்துப் பாருங்கள். பனை இதழ் நடு நரம்பில் பள்ளமாக மடிந்திருக்கும். தென்னங்கீற்று கூரைபோல மலையாக மடிந்திருக்கும். பனைக் குடும்பத்து மரங்களை வகைப்படுத்தத் தாவரவியலாளர்கள் பயன்படுத்தும் முக்கிய அடையாளங்களில் இதுவும் ஒன்று. ஈச்சையும் கூந்தற்பனையும் பனையின் பக்கம். கமுகு தென்னையின் பக்கம். குருத்துக்குள் இருக்கும்போதே ஓலை விசிறி மடிப்பாக மடிந்து உருவாகிறது. விரிந்த பிறகு ஓர் ஆள் நீளத்தையும் தாண்டும் அந்தப் பரப்பு, அதற்கு முன்பு ஒடுங்கிய குருத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. பெரிய பரப்பைச் சிறிய இடத்தில் வைத்து, தேவைப்படும்போது கிழியாமல் விரிப்பது எப்படி என்ற கேள்விக்குப் பனை கண்ட விடை இது.

டெபுடி கலெக்டரின் சதுரத் தாள்

காகித மடிப்பு ஜப்பானில் பல நூற்றாண்டுகளாக இருந்து வந்தது. பொழுதுபோக்குக் காகித மடிப்புக்கென்றே வெளிவந்த நூல்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது 1797-இல் அங்கே அச்சானது. ஒரே தாளில் வெட்டுக் கொடுத்துப் பல கொக்குகளை ஒன்றோடொன்று இணைந்தபடி மடிக்கும் 49 வடிவங்கள் அதில் உள்ளன. ஐரோப்பாவிலும் தனியாக ஒரு மரபு இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரெடரிக் ஃபுரோபல் தான் தொடங்கிய கிண்டர்கார்டன் கல்வியில் காகித மடிப்பையும் சேர்த்தார். அந்தக் கல்விமுறையோடு வண்ணச் சதுரத் தாள்களும் உலகமெங்கும் போயின, சென்னை மாகாணத்துக்கும் வந்தன.

அந்தத் தாள்களைக் கையில் எடுத்தவர்களில் ஒருவர் தண்டலம் சுந்தர ராவ். 1853-இல் பிறந்தவர். பின்னாளில் ராமானுஜன் சேர்ந்த அதே கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பட்டம் பெற்று, வருவாய்த் துறையில் டெபுடி கலெக்டர் வரை உயர்ந்தார். கிண்டர்கார்டன் பொருள்களில் எட்டாவதான காகித மடிப்புத் தொகுப்பில் இருநூறு வண்ணச் சதுரங்கள் இருந்தன. குழந்தைகள் பூவும் படகும் செய்ய வந்த அந்தத் தாள்களில் யூக்ளிடின் வடிவியலைப் பார்க்க முடியும் என்று அவருக்குத் தோன்றியது. அதன் விளைவாக 1893-இல் சென்னை அடிசன் நிறுவனம் அச்சிட்ட அவருடைய நூல், காகித மடிப்பில் வடிவியல் பயிற்சிகள், வெளிவந்தது. ஓரிகாமிக் கணிதத்தின் வரலாற்றை எழுதும் எவரும் இந்த நூலைத் தாண்டிப் போக முடியாது.

அவர் நடந்த பாதையை நாமும் சில அடிகள் நடந்து பார்க்கலாம். ஒரு சதுரத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்க விளிம்பை வலப்பக்க விளிம்போடு சேர்த்து நடுவில் ஒரு மடிப்புப் போட்டு விரியுங்கள். கீழ் இடது மூலை அசையாமல் இருக்க, கீழ் வலது மூலையைத் தூக்கி அந்த நடுக்கோட்டின் மேல் எங்கே படுகிறதோ அங்கே வையுங்கள். அந்தப் புள்ளியைக் குறித்து, கீழ் மூலைகள் இரண்டோடும் மடிப்பால் இணைத்தால் கிடைப்பது சமபக்க முக்கோணம். தூக்கி வைத்த பக்கம் சதுரத்தின் பக்கமேதான், அதன் நீளம் மாறவில்லை. நடுக்கோடு அடிப்பக்கத்தைச் சரிபாதியாகப் பிரிப்பதால் மறுபக்கமும் அதே நீளம். மூன்றும் சமம், ஒவ்வொரு கோணமும் 60 பாகை. கவராயமும் கோணமானியும் இல்லாமல், இரண்டு மூன்று மடிப்பில், நிரூபணத்தோடு ஓர் உண்மை கைக்கு வந்துவிட்டது.

14 அத்தியாயங்களில் சுந்தர ராவ் சதுரத்தில் தொடங்கி ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம் என்று ஏறிப் பதினைந்து பக்கம் வரை போகிறார். எண் தொடர்களின் கூட்டலை மடிப்பால் காட்டுகிறார். பிறகு நேர்கோடுகள் மட்டுமே தரக்கூடிய மடிப்பிலிருந்து வளைகோடுகளை வரவழைக்கிறார். குற்றாலத்துக்காரர்கள் கட்டாயம் செய்து பார்க்க வேண்டியது அதில் ஒன்று, பரவளையம்.

தாளின் கீழ் விளிம்புக்குச் சற்று மேலே ஒரு புள்ளி வையுங்கள். விளிம்பின் ஏதாவது ஓரிடம் அந்தப் புள்ளியைத் தொடும்படி மடித்து விரியுங்கள். விளிம்பின் வேறோர் இடத்தை அதே புள்ளியில் வைத்து மறுபடி மடியுங்கள். இப்படி இருபது முப்பது முறை செய்தால், மடிப்புக் கோடுகள் எல்லாம் சேர்ந்து ஒரு வளைகோட்டை ஓரங்கட்டி நிற்பது தெரியும். ஒவ்வொரு மடிப்பும், புள்ளிக்கும் விளிம்பில் அது தொட்ட இடத்துக்கும் நடுவே சரிபாதியில் செங்குத்தாக விழுகிறது. அதனால் அந்த மடிப்பில் ஓரிடம் புள்ளியிலிருந்தும் விளிம்பிலிருந்தும் சம தூரத்தில் அமைகிறது. அத்தகைய இடங்களின் வரிசையே பரவளையம். மடிப்புகள் அதன் தொடுகோடுகள்.

இந்த வளைகோட்டை மலையிலும் பார்க்கலாம். பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீர் பாறை விளிம்பைத் தாண்டித் துள்ளி வெளியே வரும் இடத்தைக் கவனியுங்கள். முன்னே போகும் வேகம் மாறாமல் இருக்க, கீழே விழும் தூரம் மட்டும் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. முதல் ஒரு நொடியில் சுமார் 4.9 மீட்டர் இறங்கும் நீர், இரண்டு நொடி முடிவில் மொத்தம் சுமார் 19.6 மீட்டர் இறங்கியிருக்கும். முன்னே போன தூரமோ இரண்டு மடங்குதான். காற்றும் பாறையும் குறுக்கிடாத வரை அந்த நீர் வரைவது பரவளையம். உங்கள் தாளைத் தலைகீழாகப் பிடித்தால் அதே வளைவு.

சுந்தர ராவின் நூல் சென்னையோடு நின்றுவிடவில்லை. அக்காலத்தின் தலைசிறந்த கணிதவியலாளர்களில் ஒருவரான ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் கிளைன், 1895-இல் வெளிவந்த தம் நூலில் இதைக் குறிப்பிட்டார். கிளைனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பெமன், டேவிட் யூஜின் ஸ்மித் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் அதன் வழியாகச் சுந்தர ராவைக் கண்டுகொண்டார்கள். அவர்கள் திருத்திப் பதிப்பித்த நூல் 1901-இல் சிகாகோவில் வெளியானது. மடிப்புகள் தெளிவாகத் தெரியப் புகைப்படங்களும் அதில் சேர்ந்தன. நூற்றாண்டைக் கடந்து இன்றும் அது அச்சில் இருக்கிறது.

அடுத்த பெரிய தாவல் இத்தாலியில் நடந்தது. 1936-இல் மார்கரீட்டா பியட்சோலா பெலோக் என்ற கணிதப் பேராசிரியர், இரண்டு புள்ளிகளை ஒரே நேரத்தில் இரண்டு கோடுகளின்மேல் வைக்கும் ஒற்றை மடிப்பு முப்படிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் என்று காட்டினார். மேலே பரவளையம் மடித்தவர்களுக்கு இதன் சூட்சுமம் புரியும். ஒரு புள்ளியை ஒரு கோட்டில் வைக்கும் மடிப்பு ஒரு பரவளையத்தின் தொடுகோடு. இரண்டு புள்ளிகளை இரண்டு கோடுகளில் வைக்கும் மடிப்பு இரண்டு பரவளையங்களுக்கும் பொதுவான தொடுகோடு. அதைத் தேடுவது முப்படிச் சமன்பாட்டைத் தீர்ப்பதற்குச் சமம். கோணத்தை மூன்று சமபாகமாகப் பிரிப்பதும், கனசதுரத்தை இருமடங்காக்குவதும் அளவுகோலாலும் கவராயத்தாலும் முடியாதவை என்று நிரூபிக்கப்பட்டவை. ஒரு தாளும் இரண்டு கையும் அவற்றைச் செய்துவிடும்.

ஒரு கோடும் ஓர் அம்பும்

ஆனால் கணிதம் மட்டும் ஒரு பொழுதுபோக்கை வளர்த்துவிடாது. மடிக்கிறவன் தான் கண்டுபிடித்த வடிவத்தை, நேரில் பார்த்திராத இன்னொருவனுக்குச் சொல்ல வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் அகிரா யோஷிசாவா.

1911-இல் ஜப்பானின் தொச்சிகி பகுதியில் பிறந்த யோஷிசாவா இரும்பு வார்ப்பு ஆலையில் தொழிலாளியாக வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இளம் தொழிலாளர்களுக்கு வடிவியல் கற்பிக்கும் பொறுப்பு வந்தபோது காகித மடிப்பைக் கருவியாக எடுத்துக்கொண்டார். பிறகு ஆலை வேலையை விட்டுவிட்டு, வீடு வீடாக உணவுப்பொருள் விற்றுப் பிழைத்தபடி மடிப்பிலேயே மூழ்கினார். வறுமை பல ஆண்டுகள் நீடித்தது. 1952-இல் ஓர் இதழுக்காக அவர் மடித்த ராசி விலங்குகள் பன்னிரண்டும் அவரை நாடறியச் செய்தன. 1954-இல் அவருடைய முதல் நூல் வந்தது. அதே ஆண்டு டோக்கியோவில் ஓர் ஓரிகாமி மையத்தையும் தொடங்கினார். 1955-இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் அவருடைய படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

அவர் கொண்டுவந்த குறியீட்டு முறையின் எளிமைதான் அதன் பெருமை. சிறு கோடுகள் வரிசையாக வந்தால் பள்ள மடிப்பு. கோடும் புள்ளியும் மாறி மாறி வந்தால் மலை மடிப்பு. எந்தப் பக்கம் எங்கே போகிறது என்பதற்கு ஓர் அம்பு. திருப்பிப் போடுவதற்கு இன்னோர் அம்பு. இவ்வளவுதான். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சாமுவேல் ராண்ட்லெட்டும் இங்கிலாந்தின் ராபர்ட் ஹார்பினும் இம்முறையை விரிவாக்கிப் பரப்பினார்கள். அதன்பின் மொழி தெரியாமலேயே ஒரு ஜப்பானிய நூலை வைத்து யாரும் மடிக்கலாம் என்ற நிலை வந்தது. நியூயார்க்கில் லில்லியன் ஓப்பன்ஹைமர் 1958-இல் ஓர் ஓரிகாமி மையம் தொடங்கினார். பிரிட்டிஷ் ஓரிகாமி சங்கம் 1967-இல் பிறந்தது.

குறியீட்டின் வல்லமை நமக்குப் புதியதல்ல, கோலம் அதற்குச் சாட்சி. 15 புள்ளி, ஊடுபுள்ளி, 8-இல் நிறுத்தவும் என்று ஒரு வரி எழுதிப் பக்கத்தில் படத்தையும் வரைந்தால் போதும், செங்கோட்டையில் ஒருவர் போட்ட கோலத்தைச் சிங்கப்பூரில் ஒருவர் பிசகாமல் போடுவார். வீட்டுக்கு வீடு கோல நோட்டு இருந்தது. மார்கழி வந்தால் வார இதழ்கள் கோலங்களை அச்சிட்டன. பழைய கோலத்தைப் பார்த்துப் போடக் கற்றவர், புள்ளிகளை மாற்றி வைத்துப் புதிய கோலத்தைத் தாமே உருவாக்கினார். கோலம் உயிரோடு இருப்பதற்கு எழுதி வைத்தது ஒரு முக்கியக் காரணம். ஓலை மடிப்புக்கு அந்த நோட்டு வாய்க்கவில்லை.

யோஷிசாவா தாளை லேசாக ஈரப்படுத்தி மடிக்கும் முறையையும் கொண்டுவந்தார். கெட்டியான தாளின் பசைப்பற்று ஈரத்தில் இளகும், வளைவுகளைக் களிமண்ணில் பிடிப்பதுபோலப் பிடிக்கலாம், காய்ந்ததும் விறைத்து நிற்கும். ஓலையை நனைத்துப் பதம் பார்க்கும் நம் பெண்கள் அறிந்த அறிவியலும் இதுவே. அவர்களுடைய முறை நூல்களில் பெரிதாக ஏறவில்லை. யோஷிசாவாவின் முறை உலகம் முழுவதும் பயிலப்படுகிறது.

எழுதியதிலிருந்து பிறந்த விதிகள்

எழுத்து வந்ததும் ஆராய்ச்சி வந்தது. மடித்த உருவத்தைப் பிரித்துத் தாளில் விழுந்த கோடுகளை மட்டும் பார்த்தவர்கள் அதில் ஒழுங்கைக் கண்டார்கள். ஒரு தாளை நான்காக மடித்து விரியுங்கள். நடுவில் நான்கு கோடுகள் கூடுகின்றன. மூன்று பள்ளம், ஒன்று மலை (தாளைத் திருப்பினால் மூன்று மலை, ஒன்று பள்ளம்). வேறுபாடு 2. தட்டையாக மடியும் எந்த உருவத்திலும், தாளின் உட்புறத்தில் கோடுகள் கூடும் எந்தப் புள்ளியிலும், மலைக்கும் பள்ளத்துக்கும் உள்ள வேறுபாடு 2-தான். இது ஜுன் மாயெகாவாவின் தேற்றம். அதே புள்ளியைச் சுற்றியுள்ள கோணங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 180 பாகை வரும். இது தோஷிகாசு கவாசாகியின் தேற்றம். இரண்டும் 1980-களில் பரவலாக அறியப்பட்டன.

அதன்பின் மடிப்பவர்கள் தடவிப் பார்த்துக் கண்டுபிடிப்பதை விட்டுத் திட்டமிட்டு வடிவமைக்கத் தொடங்கினார்கள். ஆறு காலும் இரண்டு உணர்கொம்பும் உள்ள வண்டை, வெட்டாமல், ஒரே சதுரத்தில் மடிப்பது எப்படி? ஒரு காலை மடிக்க, அதன் நுனியை மையமாகவும் காலின் நீளத்தை ஆரமாகவும் கொண்ட வட்டத்தில் தாளுக்குள் விழும் பகுதி முழுவதும் தேவை. அந்தத் தாள் அந்தக் காலுக்கே சொந்தம், வேறு காலுக்குப் பயன்படாது. நுனி தாளின் மூலையில் அமைந்தால் வட்டத்தில் நாலில் ஒரு பங்கு போதும், விளிம்பில் அமைந்தால் அரைவட்டம், நடுவில் அமைந்தால் முழுவட்டம். ஆகவே கேள்வி இப்படி மாறுகிறது: ஒரு சதுரத்துக்குள் இத்தனை வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் எப்படி நெருக்கி அடுக்குவது? அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் லாங்கும் ஜப்பானின் தோஷியுகி மெகுரோவும் தனித்தனியே இந்த வழிக்கு வந்தார்கள். லாங் அதற்கென ஒரு மென்பொருளே எழுதினார். லேசர் ஆய்வில் இருந்த அவர் 2001-இல் வேலையை விட்டு முழுநேர ஓரிகாமிக் கலைஞரானார்.

மடிப்பு விண்வெளிக்கும் போனது. விண்வெளிப் பொறியாளர் கோர்யோ மியூரா உருவாக்கிய மடிப்பு, இணைகர வரிசைகளால் ஆனது. ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் முழுப் பரப்பும் ஒரே அசைவில் விரியும், தள்ளினால் ஒரே அசைவில் சுருங்கும். 1995 மார்ச்சில் ஜப்பான் ஏவிய ஆய்வுக் கலத்தில் சூரியத் தகடு ஒன்று இந்த மடிப்போடு போய் விண்வெளியில் விரிந்தது. பெரிய பரப்பைச் சிறிய இடத்தில் அடக்கி விரிப்பது என்ற பனங்குருத்தின் கேள்வியை ராக்கெட்டின் முனையில் வைத்துக் கேட்டவர் மியூரா.

மடித்த தாளில் குற்றாலத்துப் பாசி

ஓரிகாமியின் பலன் விண்வெளியோடு முடிவதில்லை. மீரட்டில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த மனு பிரகாஷ், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தம் மாணவர் ஜிம் சிபுல்ஸ்கியோடு சேர்ந்து மடித்தே செய்யும் நுண்ணோக்கி ஒன்றை உருவாக்கி 2014-இல் ஆய்விதழில் வெளியிட்டார். அதன் பெயர் ஃபோல்ட்ஸ்கோப். ஓர் ஏ4 அளவுத் தாளில் அச்சிட்ட பாகங்களைப் பிரித்து, மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகினால் நுண்ணோக்கி தயார். உள்ளே மிகச் சிறிய ஒரு வில்லை இருக்கும். அப்போது மூலப்பொருளின் செலவு ஒரு டாலருக்கும் குறைவாக இருந்தது. பரவலாகக் கிடைக்கும் வகை 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். வில்லையும் பார்க்கும் பொருளும் நேர்கோட்டில் துல்லியமாக அமைய வேண்டுமே, அந்தத் துல்லியத்தைத் தருவது மடிப்பு. தாளின் மடிப்புகள் தாங்களாகவே பாகங்களைச் சரியான இடத்தில் கொண்டு நிறுத்துகின்றன.

தென்காசி மாவட்டப் பள்ளிகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வுக் கருவியை என்னால் நினைக்க முடியவில்லை. பள்ளியிலிருந்து சிறிது தூரம் போனால் மேற்குத் தொடர்ச்சி மலை. சீசனில் ஒவ்வொரு பாறையிலும் பாசி (மாஸ்) படர்ந்திருக்கும். பெரும்பாலான மாஸ்களின் இலை ஒரே ஒரு செல் தடிமன் உடையது. அறுக்க வேண்டாம், சாயம் ஏற்ற வேண்டாம், ஒரு சொட்டு நீரில் வைத்துப் பார்த்தாலே செல்களும் உள்ளே பச்சையமும் தெரியும். சிற்றாற்றுத் தண்ணீரின் ஒரு துளியில் நீந்தும் உயிர்களையும் பார்க்கலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தன் கையால் மடித்த கருவியில் தன் ஊர்ப் பாறையின் செல்லைப் பார்ப்பது எத்தனை பெரிய கல்வி!

நாம் செய்ய வேண்டியது

பொழுதுபோக்கு என்பது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றை மறுபடி பார்க்க வேண்டும். ஒரு வருவாய்த் துறை அதிகாரியும், ஓர் ஆலைத் தொழிலாளியும், ஓர் இயற்பியலாளரும் யாரும் கேட்காமல், விருப்பத்தால் மட்டுமே மடித்தார்கள். மூவரும் தாங்கள் கண்டதைப் பிறர் பின்தொடரும்படி எழுதினார்கள். அதனால் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்க முடிந்தது. நம் ஊரில் ஒவ்வொரு தலைமுறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இப்போது தொடங்கவும் ஆளில்லாமல் போகிறது.

இதை மாற்றுவதற்கு நிதியும் வேண்டாம், நிறுவனமும் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பட்டை பிடிக்க, கிலுக்கு முடைய, கொழுக்கட்டை ஓலை மடிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவராவது இருப்பார். அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு மடிப்பையும் ஒரு படமாக வரையுங்கள். பள்ளத்துக்குச் சிறு கோடுகள், மலைக்குக் கோடும் புள்ளியும், நகர்த்தும் திசைக்கு அம்பு. குருத்தோலையா முற்றிய ஓலையா, பச்சையா நனைத்ததா, நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் குறியுங்கள். பிறகு அந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தப் பெரியவரைப் பார்த்திராத ஒரு பிள்ளையை மடிக்கச் சொல்லுங்கள். பிள்ளை தடுமாறும் இடத்தில் உங்கள் படம் போதவில்லை என்று பொருள். அந்த இடத்தைத் திருத்துங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வடிவியல் பாடத்தைத் தொடங்கும் நாளில் பிள்ளைகள் கையில் ஒரு சதுரத் தாள் இருக்கட்டும். சமபக்க முக்கோணத்தையும் பரவளையத்தையும் அவர்களே மடித்துக் காணட்டும். 1893-இல் இதைச் செய்து காட்டியவர் தமிழ்நாட்டில் வாழ்ந்தவர் என்பதையும் சொல்லுங்கள். நோட்டில் ஏறும் ஒவ்வொரு ஓலை மடிப்பின் கீழும், அதைக் கற்றுத் தந்தவர் பெயரை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.